முதலாம் பாடத்திலேயே நின்ற பிள்ளை: ஒரு நிகழ்வு ஆய்வு

2018 சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்து இரண்டாம் தவணைக்குப் பள்ளிக்கூடம் திறந்த அன்று, என் நான்காம் தர வகுப்பில் ஒரு பிள்ளை கூடியிருந்தது. ஒன்பது வயது. சட்டை புதிது. சப்பாத்து இரண்டு அளவு பெரியது. பின்வாங்கில் இருந்துகொண்டு வகுப்பறைக் கூரையை அண்ணாந்து பார்த்தபடியே இருந்தாள். என்ன மகள் பார்க்கிறாய் என்று கேட்டேன்.

"கூரை எத்தனை அடி டீச்சர்?"

எனக்குத் தெரியவில்லை. பத்து வருடம் அந்த அறையில் படிப்பித்திருக்கிறேன்.

மட்டக்களப்பின் கல்லடிப் பக்கத்து மைதானம் ஒன்றில் புத்தாண்டுக் களியாட்டத்துக்கு வந்திறங்கிய குழுவின் பிள்ளை அவள். ராட்டினம், மரணக் கிணறு, வளையம் எறியும் கடைகள், ஓரமாக ஒரு சின்னச் சர்க்கஸ் கூடாரம். கூடாரம் அவளுடைய குடும்பத்தினுடையது. அப்பா ஏணியிலும் கயிற்றிலும் நிற்பவர், மலையகத்துக்காரர். அம்மா மேற்குக் கரையில் சிலாபத்துச் சிங்களப் பெண், தட்டுச் சுழற்றுபவர், தமிழும் தண்ணீராய்ப் பேசுவார். பதினேழு வயது அண்ணன் ஒற்றைச் சில்லு சைக்கிளில் கோமாளி. அப்பாவின் தாய், பிள்ளையின் வாயில் 'அப்பாயி', டிக்கெட் பெட்டியில். கடைசி வித்தையில் அப்பாவின் தோளில் ஏறி நிற்பது இவள்.

அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். பெயர் சூட்ட மனமில்லை, பிள்ளை என்றே எழுதுகிறேன்.

வகுப்பில் கண்டது

முதல் கிழமை அவளை வாசிக்க விட்டேன். மூன்றாம் தரத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தபோது முதலாம் பாடத்தைத் தடுமாறாமல் வாசித்தாள். குரலில் ஏற்ற இறக்கம்கூட இருந்தது. எனக்குச் சந்தோஷம். ஆனால் விரல் ஒரு வரியில் இருக்க, வாய் அடுத்த வரியில் இருந்தது. பக்கத்தை என் கையால் மூடினேன். அவள் நிறுத்தவில்லை, பாடம் முடியும் வரை 'வாசித்தாள்'. ஐந்தாம் பாடத்தைத் திறந்து கொடுத்தேன். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டாள்.

முந்தைய பன்னிரண்டு மாதத்தில் அவள் ஐந்து பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கிறாள். மூன்று தமிழ், இரண்டு சிங்களம். ஒவ்வோர் ஆசிரியரும், புதிதாய் வந்த பிள்ளை பாவம் என்று, தொடக்கத்திலிருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாம் மூன்றாம் பாடத்துக்கு வரும்போது கூடாரம் கழன்றுவிடும். அடுத்த ஊரில் மறுபடியும் முதலாம் பாடம். யாரும் அவளைக் கைவிடவில்லை. எல்லோரும் அன்பாகத்தான் நடந்திருக்கிறார்கள், நான் உட்பட. நானும் அதே முதலாம் பாடத்தைத்தானே முதலில் எடுத்தேன்.

எழுத்தில் இன்னொரு சங்கதி. அவளுடைய 'ட' சதுரமாக இராது, மூலை வளைந்திருக்கும். சிங்கள எழுத்தின் வட்டம் தமிழுக்குள்ளும் ஏறியிருந்தது. இரண்டு மொழியும் சரளமாய்ப் பேசுவாள், இரண்டிலும் எழுத்து அரைகுறை.

கணக்குத்தான் என்னை உலுக்கியது. பலகையில் 1000இலிருந்து 600ஐக் கழிக்கச் சொன்னேன். 1600 என்று எழுதினாள். பூச்சியத்திலிருந்து ஆறு போகாது, அதனால் ஆறிலிருந்து பூச்சியத்தைக் கழித்து ஆறு என்று போட்டிருந்தாள். ஒவ்வொரு நிரலிலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிப்பது சின்னப் பிள்ளைகளிடம் அடிக்கடி காணும் பிழைதான். அன்று இடைவேளையில் சும்மா கதை கொடுத்தேன். டிக்கெட் என்ன விலை? நூற்றைம்பது. நாலு பேர் வந்து ஆயிரம் ரூபாய் நீட்டினால்? "நானூறு மிச்சம், ஆனா அப்பாயி சில்லறை இல்லைன்னு ஒரு கடலைப் பை குடுத்துருவாங்க." சிரிக்காமல் சொன்னாள்.

பிரேசிலின் ரெசிஃபே நகரில், சந்தையில் விற்கும் ஐந்து பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1985இல் வெளிவந்தது. வியாபாரம் செய்யும்போது கேட்ட கணக்கில் 98 சதவீதம் சரியாகச் சொன்ன பிள்ளைகள், அதே எண்களைக் காகிதத்தில் வெறும் கணக்காய்க் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரியாகச் செய்தார்கள். பயிற்சிக் கலாசாலையில் அதைப் படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தேன். என் வகுப்பில் வந்து உட்காரும் வரை அது பரீட்சை விடை மட்டும்தான்.

இன்னும் இரண்டு விடயம் கண்ணில் பட்டது. பத்தரை மணிக்கெல்லாம் மேசையில் தலை சாய்த்துவிடுவாள். இரண்டு தோளிலும் இடுப்பெலும்பிலும் நீலம் பாரித்த கண்டல்.

நான் பிழையாக எழுதிய அறிக்கை

கண்டலைக் கண்டால் எழுதத்தான் வேண்டும், அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை வந்தது. அதன் 1929 என்ற இலக்கத்துக்கு யாரும் அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். ஆசிரியர் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கக் கூடாது.

பிழை வேறு இடத்தில். 'துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகம், பெற்றோர் பிள்ளையை வைத்துச் சம்பாதிக்கின்றனர், நிலையான வதிவிடம் இல்லை, விடுதி வசதி பொருத்தம்' என்று எழுதினேன். நாலு வரி. கூடாரத்தை நான் பார்த்திருக்கவில்லை. மைதானத்துக்கும் எங்கள் பள்ளிக்கூட வாசலுக்கும் நடந்தால் பத்து நிமிடம்.

இது ஓர் அலுவலகத்துக்குப் போயிற்று. அங்கேயும் யாரும் மைதானத்துக்குப் போகாமலே சிறுவர் இல்லம் ஒன்றில் இடம் இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த வேகத்தைக் கண்டபிறகுதான் எனக்குப் பயம் வந்தது. அங்கிருந்த ஒருவர், "அளிக்கம்பையில குடியேத்தின மாதிரி இவங்களையும் ஒரு இடத்தில இருத்தினா சரி" என்றார். அம்பாறை மாவட்டத்தில், அக்கரைப்பற்றுக்கு அருகே உள்ள அளிக்கம்பை, பாம்பும் குரங்கும் கொண்டு ஊரூராய்ப் போன தெலுங்கு பேசும் குறவர் குடும்பங்கள் நிலைகொண்ட கிராமம். அந்தக் கதை வேறு. இந்தக் குடும்பத்துக்குச் சிலாபத்தில் வீடு இருந்தது, வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தது, பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. இல்லாதது விடுகைப் பத்திரமும் பாடப் புத்தகமும். இலவசப் புத்தகம் முந்திய ஆண்டு கொடுத்த மாணவர் தொகைப்படி வரும். நடுவில் வந்து நடுவில் போகிற பிள்ளை எந்தத் தொகையிலும் இல்லை.

கூடாரத்தில்

சிறுவர் உரிமை உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமைக் காலை போனேன். அப்பாயி அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சர், உக்காருங்க, ஒங்களப் பத்தித்தான் பொழுதன்னைக்கும் பேச்சு" என்று பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

பிள்ளை பயிற்சியில் இருந்தாள். பழைய மெத்தை இரண்டைக் கோர்த்துப் போட்டிருந்தார்கள். இடுப்பில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனை அண்ணன் கையில். வில்லாக வளைந்து கையூன்றி எழும்பும்போது இடுப்பெலும்பு மெத்தை விளிம்பில் அடிபட்டது. தோளில் இருந்த கண்டல் அப்பாவின் விரல் அகலம். அவள் இறங்கும்போது அவர் பிடிக்கும் இடம். பத்தே நிமிடத்தில் என் அறிக்கையின் முதல் வரி உதிர்ந்தது.

ஆனால் எல்லா வரியும் உதிரவில்லை. இரவில் இரண்டு காட்சி. இரண்டாவது முடியப் பத்தரை தாண்டும். கடைசி வித்தையில் அப்பா ஏணியில், பிள்ளை அவர் தோளில், கீழே வலை இல்லை. பன்னிரண்டு அடி இருக்கும்.

அப்பாவிடம் கேட்டேன். "விழுந்தா என் மேலதான் டீச்சர் விழுவா. நான் எப்பிடி அவளுக்குக் கீழ விழுறதுன்னுதான் மொதல்ல பழகினேன், அதுக்கப்புறந்தான் அவள ஏத்தினேன்." பொய் இல்லை. அண்ணனின் வலது முழங்கை மட்டும் முழுதாய் நீளவில்லை. அது எப்படி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இந்த வித்தை வீட்டுக்கு வந்த வழியை அப்பாயி சொன்னார். அவருடைய புருஷன் இளவயதில், இந்தியாவிலிருந்து வந்த ஒரு குழுவில் சேர்ந்து தலச்சேரிக்காரர் ஒருவரிடம் கற்றாராம். கேரளத்துத் தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் சர்க்கஸ் பயிற்சிக்கூடம் தொடங்கியதால், இந்திய சர்க்கஸ் வித்தைக்காரர் பலருக்கு அதுதான் தாய்வீடு. அதே இந்தியாவில் 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சர்க்கஸில் பிள்ளைகளை அமர்த்தத் தடை விதித்தது. அங்கே வழக்குக்கு வந்தது ஏழை வீடுகளிலிருந்து கொண்டுவந்து அடைத்துவைக்கப்பட்ட பிள்ளைகளின் நிலை. தாய் தகப்பனோடு, அப்பாயியின் கண்முன்னே வளரும் இவளை அந்தக் கணக்கில் வைக்க முடியாது. அதற்காகப் பன்னிரண்டு அடி ஆறடி ஆகிவிடாது. நம் நாட்டில் 2018இல் வேலைக்கான குறைந்த வயது 14 (2021இல் 16 ஆக்கினார்கள்), ஆபத்தான வேலைக்கு 18.

கூடாரத்தின் நடு வட்டம் இருபத்தாறு அடி. முளை அடித்துப் பதின்மூன்று அடிக் கயிற்றைச் சுற்றி இழுத்தால் வட்டம் வரும் என்று பிள்ளை எனக்குச் செய்து காட்டினாள். அடுத்த தவணையில் கவராயத்தை வைத்து நான் விளக்கப் போகிற பாடம் அது. பிலிப் அஸ்ட்லி என்பவர் 1768இல் இலண்டனில் குதிரை வித்தை காட்டத் தொடங்கினார், பின்னர் அவர் வழியாக நிலைத்த சர்க்கஸ் வட்டம் நாற்பத்திரண்டு அடி, குதிரை ஓடுவதற்குத் தோதான அளவு என்று வீட்டுக்கு வந்து வாசித்தேன். குதிரை இல்லாத இவர்களுக்கு இருபத்தாறு போதும்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்தக் கிழமை ஒரு தாய் என்னிடம் வந்து, "கூத்தாடிப் புள்ளைக்குப் பக்கத்தில என்ர மகள இருத்தாதீங்க டீச்சர்" என்றார். வடமோடிக் கூத்து, தென்மோடிக் கூத்து என்று பெருமை பேசுகிற ஊர் இது. அவருடைய தகப்பனார் களரியில் ஆடி, சதங்கை கட்டியவர் என்று எனக்குத் தெரியும். அதை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். மறுகா அவர் ஒன்றும் கதைக்கவில்லை.

இரண்டு நாட்காட்டி

கூடாரத்தில் கிடந்த ஒரு நாட்காட்டியில் அப்பா மைதானங்களைக் குறித்து வைத்திருந்தார். அதைப் பார்த்தபோதுதான் விடயம் விளங்கியது.

ஏப்ரலில் கிழக்குக்கு வருவார்கள். பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்து கையில் காசு புரளும் நேரம், பள்ளிக்கூட விடுமுறை, புத்தாண்டு. தென்மேற்குப் பருவமழை மே முதல் மேற்குப் பக்கத்தை நனைக்கும்போது இந்தக் கரை காய்ந்து கிடக்கும். கல்லடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று இறங்கிப் போவார்கள். ஓகஸ்ட் விடுமுறையும் சிறுபோக அறுவடையும் அம்பாறைப் பக்கம். ஒக்டோபருக்குப் பிறகு மாரி தொடங்கினால் இங்கே கூடாரம் நிற்காது. லொறி சிலாபத்துக்குத் திரும்பும், டிசம்பரில் நத்தார், மார்ச் வரை மேற்குக் கரை. மேற்கிலிருந்து கிழக்கே வந்து வாடி போட்டுத் தொழில் செய்யும் மீனவர்களும் இதே காற்றைத்தான் பின்தொடர்கிறார்கள்.

ஆக, பள்ளிக்கூடம் பூட்டினால்தான் கூடாரத்துக்குச் சனம் வரும். ஒரு ஊரில் அவர்கள் இருக்கும் நாட்களில் நல்ல பங்கு விடுமுறை. திறந்து கொஞ்ச நாளில் சனம் குறையும், உடனே அடுத்த மைதானம். அத்தோடு ஆண்டில் பாதி தமிழ்ப் பள்ளிக்கூடம், பாதி சிங்களம். 'பெற்றோருக்கு அக்கறை இல்லை' என்று நான் எழுதியிருந்தால் அதுவும் பொய்யாகியிருக்கும். ஐந்து ஊரில் ஐந்து அதிபரிடம் போய் நின்று பிள்ளையைச் சேர்த்தவர்கள் அவர்கள்.

நம் கட்டாயக் கல்வி விதி 1998இல் 5 முதல் 14 வயது வரை என்று தொடங்கி, 2016இல் 16 வரை நீண்டது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிறதா என்று பார்க்க அதில் வழி உண்டு. எந்தப் பாடத்தில் நிற்கிறது என்று கேட்க ஆள் இல்லை. இங்கிலாந்தில் ஊர் ஊராய்ப் போகும் தொழில் செய்வோரின் பிள்ளைகளுக்கு, ஆறு வயது தாண்டியவர் என்றால், ஆண்டுக்கு 200 அரைநாள் வரவாவது வேண்டும் என்று சட்டமே இடம் விடுகிறது. ஜெர்மனியில் அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒரு மூலப் பள்ளிக்கூடமும், கூடவே போகும் ஒரு பள்ளி நாட்குறிப்பும் உண்டு. வட ரைன் வெஸ்ட்பாலியா மாநிலத்தில் வாகனத்திலேயே வகுப்பறை வைத்துச் சர்க்கஸ் பிள்ளைகளைத் தேடிப் போகிறார்கள்.

நம்மிடம் வாகனம் கிடையாது. கொப்பி உண்டு.

கொப்பி

கல்லடியில் அவளுக்கு மிச்சம் இருந்தது மூன்று கிழமை. தடித்த சி.ஆர். கொப்பி ஒன்றுக்கு மாட்டுத்தாள் உறை போட்டு, மேலே பொலித்தீனும் சுற்றினேன். முதல் பக்கத்தில், இந்தப் பிள்ளை பயணம் செய்கிறாள், தயவுசெய்து முதலாம் பாடத்திலிருந்து தொடங்க வேண்டாம், கடைசியாக எழுதியிருப்பதிலிருந்து தொடருங்கள் என்று தமிழில் எழுதினேன். அம்மா அதையே சிங்களத்தில் கீழே எழுதினார். அதிபர் முத்திரை குத்தினார். முத்திரை இல்லாத கொப்பியை யார் மதிப்பார்கள்?

ஒவ்வோர் ஆசிரியருக்கும் அரைப் பக்கம். எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, என்ன முடிந்தது, என்ன விளங்கவில்லை, அடுத்தது என்ன. அவ்வளவுதான். கூட்டம் வைத்துப் படிவம் தயாரித்திருந்தால் அதை யாரும் நிரப்பியிருக்கமாட்டார்கள்.

கணக்கை நடுத்தண்டாக வைத்தேன், இலக்கங்களுக்கு மொழிமாற்றம் தேவையில்லை. பின்பக்கத்திலிருந்து டிக்கெட் கணக்கு. ஒவ்வோர் இரவும் முதல் காட்சியின் கணக்கை அவளே நிரலாய் எழுதிக் கூட்டி, சில்லறை கழித்து, அப்பாயிக்குக் காட்ட வேண்டும். அப்பாயிக்கு எழுத வாசிக்கத் தெரியாது, ஆனால் தொகை பிழைத்தால் உடனே சொல்லிவிடுவார். பத்தாம் நாள் பிள்ளை கடன் வாங்கிக் கழித்தாள். "ஆயிரத்த மாத்தி பத்து நூறாக்கிட்டு எடுக்கணும், அப்படித்தானே டீச்சர்? அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

வாசிப்பில் அந்த வேகம் இல்லை. மூன்று கிழமையில் ஐந்தாம் பாடத்தை எழுத்துக் கூட்டி முடித்தாள், அவ்வளவே.

கீழே இறங்கியது

உத்தியோகத்தரும் நானும் இரண்டு விடயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டாவது காட்சியில் அவள் இல்லை. ஏணி வித்தையில் அறவே இல்லை. மண்ணில் செய்யும் வித்தை முதல் காட்சியில் மட்டும், எட்டு மணிக்கு முன். அப்பா ஒரு நாள் யோசித்துச் சம்மதித்தார். வசூல் குறையும் என்று அவர் சொன்னதும் சரிதான், குறைந்தது. அந்த இடத்துக்கு ஒரு மரப்பாச்சியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். சனம் அதற்குக் கை தட்டவில்லை.

வகுப்பில் தூக்கம் நின்றது. ஆனால் பிள்ளை என்னோடு நாலு நாள் கதைக்கவில்லை. பிறகு ஒரு நாள் கொப்பியை மேசையில் வைத்துவிட்டு, என்னைப் பாராமல், "நீங்கதான் டீச்சர் என்னக் கீழ எறக்கினீங்க" என்றாள். அவளுக்கு அது வேலை இல்லை, சம்பளமும் இல்லை. அந்தக் கூடாரத்தில் எல்லோரும் அண்ணாந்து பார்த்த ஒரே இடம். அதை எடுத்துவிட்டு ஒரு கொப்பியைக் கொடுத்திருந்தேன். மறுபடி முடிவெடுக்கச் சொன்னாலும் இறக்கத்தான் செய்வேன். ஆனாலும் அவளுக்குச் சொல்ல அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை.

மே கடைசியில் லொறிகள் கல்லடிப் பாலத்தைப் பார்க்காமல் தெற்கே திரும்பின.

பிறகு

அந்த ஆண்டு கொப்பி நாலு பள்ளிக்கூடம் போனது. மூன்றில் எழுதியிருந்தார்கள். ஒன்றில் முத்திரை மட்டும். நாலாவது, சிலாபத்துப் பக்கம், ஓர் ஆசிரியர் சிங்களத்தில் இரண்டு பக்கம் நிறைய எழுதியிருந்தார். அம்மா தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். பிள்ளை அங்கே பன்னிரண்டாம் பாடத்திலிருந்து தொடங்கியிருந்தாள்.

2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது குழு கல்முனைப் பக்கம் இருந்தது. ஊரடங்கு தளர்ந்ததும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். 2020 மார்ச்சில் கொரோனா. கூட்டம் கூட முடியாததால் கூடாரம் படுத்தது, அதே நாட்களில் பள்ளிக்கூடமும் பூட்டிக் கிடந்தது. இரண்டு நாட்காட்டியும் ஒன்றாய் வந்தது அந்த ஒரு முறைதான், அதிலும் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்லைன் வகுப்புக்கு வீட்டில் இருந்தது ஒரே தொலைபேசி, அதுவும் அண்ணன் கூலிக்குப் போகும்போது கூடவே போய்விடும்.

2022இல் டீசல் இல்லை. லொறியை விற்றார்கள். எந்தச் சட்டமும் எந்த அறிக்கையும் நிறுத்தாத பயணத்தை எரிபொருள் வரிசை நிறுத்தியது. சிலாபத்தில் வீட்டுக்கு அருகே சிங்களப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் தரத்தில் சேர்ந்தாள். தமிழ் தேய்ந்துவிடுமோ என்று எனக்கு ஒரு கவலை இருந்தது. வட்சப்பில் தமிழில்தான் எழுதுகிறாள். கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பினால் 'ட' இன்னும் வளைந்துதான் இருக்கிறது.

போன முறை கதைத்தபோது, கணக்கில் வகுப்பில் மூன்றாம் இடம் என்றாள். பயிற்சி செய்கிறாயா என்று கேட்டேன். கொஞ்சம் பேசாமல் இருந்தாள்.

"செய்யிறேன் டீச்சர். ஆனா வீட்டுக் கூரை ஏழடிதான். கையூன்றி நின்னா காலு முட்டுது."